ஆறாம் பாகத்தின் முடிவு

அவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான்.

சிரித்துக்கொண்டேதான் பொத்தினான். புறங்கையில் ஊசி குத்திய இடமெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

அவள் நிறுத்தவில்லை.

"டாரன் சாகலடா. உயிரோடதான் இருக்கான்."

கேப்டன் டாரன் ஒரு ஆங்கில விண்வெளிப் படத் தொடரில் வருபவன். ஐந்தாம் பாகத்தின் கடைசியில், மகளை ஏதோ ஒரு நிலவில் இறக்கிவிட்டு, எரிகிற விண்கலத்தோடு இருட்டுக்குள் போனவன். அவன் என்ன ஆனான் என்று தெரியாமல் ஆறு வருடமாக உலகம் முழுக்க ஒரு கூட்டம் தவித்துக் கிடக்கிறது. அவள் தம்பியும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். நாற்பதை நெருங்கும் வயதிலும் டாரன் படம் போட்ட பனியனோடுதான் தூங்குவான். இப்போதும் அதைத்தான் போட்டிருந்தான். உள்ளே இன்னொரு ஆள் நுழையலாம் போலத் தொளதொளவென்று கிடந்தது.

ஆறாம் பாகம் டிசம்பரில் வருகிறது.

டாக்டர் தீபாவளி வரைக்கும் என்று சொல்லியிருந்தார். அதையும் இழுத்துத்தான் சொன்னார்.

அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அம்மா எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். கல்லீரலில் சின்ன வீக்கம், மருந்திலேயே கரைந்துவிடும் என்று வீட்டில் ஒரே பாட்டு. நண்பர்களும் அதையே பாடினார்கள். முதல் நாள் முதல் காட்சிக்கு என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் அவன் எழுதினால், உன்னை விட்டுவிட்டுப் போவோமா என்று உடனே பதில் வரும்.

அவள் மட்டும் படத்தைப் பார்த்துவிட்டாள்.

டப்பிங் படங்களுக்கு வசனம் எழுதுவது அவள் பிழைப்பு. வெள்ளைக்காரன் வாய் மூடும் இடத்தில் தமிழ்ச் சொல்லும் மூட வேண்டும். போன வாரம்தான் ஆறாம் பாகத்தை எழுதிக் கொடுத்தாள். கதை வெளியே கசிந்தால் வேலை போய்விடும். அந்தப் பயம் அவளுக்கு இப்போது துளியும் இல்லை.

அவள் பயமெல்லாம் ஒரு பழைய சத்தியத்தைப் பற்றித்தான்.

இரண்டாம் பாகத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனபோது அவன் அம்மை போட்டுப் படுத்திருந்தான். பார்த்துவிட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் முடிவைச் சொல்லிவிட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் பேசவில்லை. கடைசியில் அவள் அம்மாவின் தலையில் கை வைத்து, இனிமேல் கதையைச் சொல்லவே மாட்டேன் என்று சத்தியம் செய்தாள்.

ஐந்தாம் பாகத்துக்கும் அவள்தான் வசனம் எழுதினாள். அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அவனோடு சேர்ந்து அழுதாள்.

இன்று சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தாள்.

தெரியாமலே போய்விடுவானே என்று நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கு வேறு எதையும் செய்ய முடியாது. இதையாவது செய்யலாம். இவ்வளவு யோசித்தவளுக்கு, சொன்னால் அவன் என்ன நினைப்பான் என்பது மட்டும் தோன்றவே இல்லை.

"அக்கா, சும்மா இரு. டிசம்பர்ல நானே பாத்துக்கறேன்."

அவள் காதிலேயே வாங்கவில்லை. விண்கலம் வெடிப்பதற்கு முன்பே டாரன் ஒரு சின்ன மீட்புக் கலத்தில் ஏறித் தப்பித்ததைச் சொன்னாள். மகள் வளர்ந்து அதே படையில் சேர்ந்ததைச் சொன்னாள். குரல் உடைந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலும் சொன்னாள்.

அவன் சிரிப்பு நின்றது.

அவளையே பார்த்தான்.

ஒரு கை காதிலிருந்து இறங்கியது.

கொஞ்சம் கழித்து மற்றதும்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீடே சேர்ந்து பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அவள் ஒருத்தி போட்டு உடைத்துவிட்டாள். வியாதியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உடைத்துவிட்டாள். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சமாளிக்க வாயைத் திறந்தாள். பிறகு, தெரியும் என்று தலையை ஆட்டினாள்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எதிர் மாடியில் யாரோ ஒரு பெண் போர்வையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கிளிப்பெல்லாம் மாட்டிவிட்டுக் கீழே இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி. மகளப் பாத்தானா இல்லியா, அதச் சொல்லு."

"பாக்கல."

பொய் சொல்ல அவளுக்கு இனித் தெம்பில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சுட்டது.

அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். அக்காவும் தம்பியும் கதவைச் சாத்திக்கொண்டு அப்படி என்ன ரகசியம் பேசுகிறீர்கள் என்று கேட்டாள்.

அவன் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். உட்காரவே மூச்சு வாங்கியது.

"படத்தப் பத்திதாம்மா. டிசம்பர்ல வருது. இந்தத் தடவ உன்னையும் கூட்டிட்டுப் போறேன்."

"அதுக்கென்ன, போவோம்" என்றாள் அம்மா. ஒரு கரண்டி கஞ்சியை எடுத்து ஊதினாள்.

அவன் வாயைத் திறந்தான்.