பேட்டரி குடிக்கும் சத்தம்

பகலில் சோபாவாகவும் இரவில் படுக்கையாகவும் இருக்கும் பலகையைத் தூக்கிவிட்டு, சுற்றுலா வேனின் பேட்டரி முன் அவன் மண்டியிட்டிருக்கிறான். மனைவி டார்ச் அடிக்கிறாள். மாமியார் வாசல் படியில் உட்கார்ந்து பிஸ்கட் அட்டையால் விசிறிக்கொள்கிறார். "ராத்திரி பூரா ஃபேன் ஓடினா பேட்டரி எப்படித் தாங்கும்?" என்று நேற்றுதான் அவரிடம் எரிந்து விழுந்தான். நேற்றிரவு அவர் ஃபேன் பக்கமே போகவில்லை. இன்றைக்கு விளக்குகூட எரியவில்லை. மூடியைத் திருகி எடுக்கிறான். உள்ளே ஈயத் தகடுகள் வறண்டு வெளுத்து நிற்கின்றன. மாதாமாதம் திறந்து பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது அவன் வேலை. அதற்கென்று வாங்கிய டிஸ்டில்டு வாட்டர் கேன் சீல்கூட உடையாமல் பக்கத்திலேயே இருக்கிறது. "தண்ணி இருக்குதாங்க?" என்கிறாள் மனைவி. "கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு." புனலை வைத்து ஊற்றுகிறான். ஊற்ற ஊற்ற பேட்டரி குடித்துக்கொண்டே இருக்கிறது. களக் களக்கென்ற அந்தச் சத்தம் வேன் முழுக்கக் கேட்கிறது. படியில் அட்டை நின்றுபோகிறது. டார்ச் வெளிச்சம் அவன் முகம்வரை ஏறி, உடனே கீழே இறங்கிவிடுகிறது. "ஐயோ, இப்படி வேர்த்துக் கொட்டுதே மாப்பிள்ளை" என்று மாமியார் எழுந்து வந்து, அதே அட்டையால் அவனுக்கு விசிறத் தொடங்குகிறார். அவன் நிமிரவே இல்லை.