கடித்த நாயின் நிறம்

குழாயைத் திறந்தாள். நர்ஸ் அவன் வலது கையை இழுத்துத் தண்ணீருக்கு அடியில் பிடித்தாள்.

கையெல்லாம் மிளகாய்ப்பொடி. நல்லெண்ணெயில் குழைத்து அப்பியிருந்தது.

"யார் வச்சது?"

"தெருவே கூடிருச்சு சிஸ்டர். நாய் கடிச்சிருச்சுன்னு சொன்னேன். வேணாம் வேணாம்னாலும் கேக்காம ஆளாளுக்கு அள்ளி அப்பிட்டாங்க."

சீட்டிலும் நாய்க்கடி என்றுதான் இருந்தது. டாக்டர் பொடியைப் பார்த்தார். காயத்தைப் பார்க்கவில்லை. ஊசி அறைக்கு அனுப்பிவிட்டார்.

சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். அது விதி.

பொடி கரைந்து சிவப்பாக ஓடியது. அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

ஐந்தாவது நிமிடத்தில் காயம் தெரிந்தது.

நாய் கடித்தால் கோரைப்பல் ஆழமாக இறங்கும். சதை கிழியும். இது கிழியவில்லை. மேலே வளைவாக ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. மேல் வரிசையில் ஒரு பல்லுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

கடித்த இடமும் நாய்க்கு ஏற்ற இடம் இல்லை. கட்டை விரலுக்குக் கீழே, உள்ளங்கைச் சதை.

ஒருத்தியின் வாயைப் பொத்தினால்தான் அந்தச் சதை அவள் பல்லுக்கு எட்டும்.

நிமிர்ந்தாள்.

கதவோரம் அவன் மனைவி. முந்தானையால் வாயை மூடியிருந்தாள். நர்ஸ் பார்ப்பதைக் கண்டதும் கொஞ்சம் விலக்கினாள். உதடு வீங்கி நீலமாகியிருந்தது. மேல் வரிசையில் ஒரு பல் இல்லை.

மூடிக்கொண்டாள்.

மேசையில் இரண்டு நோட்டு. ஒன்று நாய்க்கடிக்கு. இன்னொன்று போலீசுக்குத் தகவல் அனுப்ப. மனிதர் கடித்தால் இரண்டாவது நோட்டில் எழுத வேண்டும். ஏட்டு வருவார்.

போன மாதம் ஒருத்திக்காக எழுதினாள். வந்தார். "புருசன் பொண்டாட்டிக்குள்ள நாம எதுக்கும்மா" என்றார். புருஷனோடு நின்று டீ குடித்தார். அவளை அவனோடே வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

எழுதி என்ன கிழித்தோம்?

இரண்டாவது நோட்டைத் தள்ளி வைத்தாள்.

மனிதர் கடித்ததென்றால் ஒரு டி.டி. ஊசி, ஐந்து நாளைக்கு மாத்திரை. அவ்வளவுதான். நாய்க்கு அப்படி இல்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாய்தானா?"

"நாய்தான்."

"என்ன கலர்?"

எச்சில் விழுங்கினான். "செவலை."

எழுதிக்கொண்டாள்.

மருந்தை ஏற்றினாள். இது புஜத்தில் போடுகிற ஊசி இல்லை. காயத்துக்குள்ளேயே போட வேண்டும், ஒவ்வொரு பல் தடத்திலும். உள்ளங்கையில் சதை இறுகிக் கிடக்கும். மருந்து இறங்க இறங்க விம்மும்.

பதினொரு தடம்.

மூன்றாவதில் "அம்மா" என்றான். ஐந்தாவதில் வெளியே வரிசையில் இருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, நாயி கடிச்சப்பகூட இவ்வளவு கத்தியிருக்க மாட்டியே!"

வரிசை சிரித்தது.

ஏழாவதில் அழுதான்.

"போதும் சிஸ்டர்."

"நாய்க்கடிக்குப் போதாது."

அவள் அவசரப்படவில்லை. வேலைக்கு வந்த ஆறு வருடத்தில் எந்த ஊசியையும் இப்படி ரசித்துப் போட்டதில்லை.

துணி சுற்றும்போது, கதவு வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இன்னொண்ணு. அந்த நாயைப் பத்து நாளைக்குக் கவனிக்கணும். அடிக்கக் கூடாது. வேளைக்குச் சோறு வைக்கணும். நிம்மதியாத் தூங்க விடணும். அதுக்கு ஒண்ணுன்னா உங்க உயிருக்குத்தான் ஆபத்து. புரியுதா?"

முந்தானைக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது.

சிரிப்பு.

நர்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து, 'கடித்த நாயின் நிலை' என்ற கட்டத்தில் 'உயிருடன் உள்ளது' என்று எழுதினாள்.

அவன் சிரிக்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

*

மூன்றாம் நாள் அடுத்த ஊசி. வந்தான்.

தனியாக.

துணியைப் பிரித்தாள். சீழ் வைத்திருந்தது. மனிதப் பல் பட்டால் வைக்கும். குழாயைத் திறந்தாள். சோப்பை எடுத்தாள்.

"கூட வந்தவங்க வரலையா?"

"அவ ஊருக்குப் போயிட்டா."

"எந்த ஊரு?"

சீட்டை எடுத்து மேசையில் வைத்தான்.

சோப்பைக் கீழே வைத்தாள். கேட்டாள்.

"நாய் எப்படி இருக்கு?"

"செத்துருச்சு சிஸ்டர். நேத்து."

வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தான்.

"என் உயிருக்கு ஒண்ணும் ஆபத்து இல்லையே?"

ஊசிக்காகச் சட்டைக் கையை மடக்கி ஏற்றினான். இடது கையில், முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரைக்கும் நகக்கீறல். நான்கு கோடு. இன்னும் பொருக்குத் தட்டவில்லை.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அவனாகவே கையை நீட்டினான். இரண்டு கையையும்.

குழாயை மூடினாள். அந்தக் கீறலைக் கழுவினால் சாட்சி போய்விடும்.

"கழுவலையா?"

"வேணாம். உக்காருங்க."

தள்ளி வைத்திருந்த நோட்டை இழுத்துப் பிரித்தாள். போன மாதத்துக்குப் பிறகு அதில் யாரும் எழுதவில்லை. முதல் கட்டம், பாதிக்கப்பட்டவர் பெயர்.

பேனா நின்றது.

நாயின் நிறத்தைக் கேட்டிருந்தாள்.