வெள்ளை விரிப்பு

"யோவ் ரேஜான்! நான் துணி காயப்போட்டா உனக்கு மூக்கு வேர்த்துடுமா? இந்த வாரத்துல நீ தூசி கிளப்பறது இது நாலாவது தடவை!" என்று கத்தினாள் ஓடெட். கணவன் இறந்து ஆறு வருடமாகியும் அவள் குரல் மட்டும் இளைக்கவில்லை.

பிக்கப் வண்டியை நிறுத்தித் தலையை நீட்டினான் ரேஜான். "என்ன பண்றது? துருப்பிடிக்காம இருக்க வண்டிக்கு அடியில எண்ணெய் அடிச்சா, மண் ரோட்டுல ஓட்டி அதுமேல தூசி ஒட்டவைக்கணும். இல்லேன்னா பனிக்காலத்துல பனி உருக ரோட்டுல போடற உப்பு வண்டியைத் தின்னுடும்."

"ஊர்ல வேற மண் ரோடே இல்லியா?"

அக்டோபர் வெயிலில் தூசி பொன்னாக மிதந்து, அவசரமே இல்லாமல் இறங்கியது. கொடியிலிருந்து பறந்த வெள்ளை விரிப்பு வண்டிக்கடியில் போய்ச் சுருண்டது. குனிந்து இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். விரிப்பில் ஒரு சொட்டு எண்ணெய்க்கறை இல்லை. வண்டியின் அடியைத் தடவிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது.

"எண்ணெயே அடிக்கலியா நீ?"

"அடிக்கணும்னுதான் தினமும் கிளம்பறேன். வழியில நீ நிக்கறியே!"

ஓடெட் விரிப்பை உதறாமலே மடித்தாள். "நாளைக்குப் போர்வையெல்லாம் துவைக்கணும்" என்றாள் மெதுவாக.

அந்தக் குளிர்காலத்தில் உப்பு வண்டியைத் தின்றே தீர்த்தது. மே மாதம் இருவருக்கும் கல்யாணம். பிறகு அவள் காரில் ஏறி, ஷெடியாக் என்ற ஊரில் அவள் தங்கை வீட்டுப் பக்கம் குடிபோனார்கள்.