நூலகத்தில் தொங்கிய பூட்டு

2011 உள்ளாட்சித் தேர்தல். ஓட்டுக் கேட்டு கீரப்பாளையம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றுக்குள் நுழைந்த வேட்பாளரான வக்கீல் கலியமூர்த்தி, தலைமையாசிரியை ஜெயராணியிடம் நோட்டீஸை நீட்டினார்.

“ஜெயிச்சா எங்க நூலகத்துக்கு என்ன சார் செய்வீங்க?”

“நிதி வாங்கித் தர்றேன் டீச்சர்!”

“நிதி முன்னாடியே வந்துச்சு. மூணு பீரோ நிறைய புத்தகமும் வாங்கினோம். ரூமைத்தான் தொறக்க முடியல.”

அவர் காட்டிய நூலகக் கதவில் பூட்டும் அரக்கு முத்திரையும் இருந்தன. வக்கீலுக்கு முகம் சிவந்தது.

“புள்ளைங்க படிக்கிற ரூமை எவன் பூட்டுனது? அவனைக் கோர்ட்டுக்கு இழுக்காம விடமாட்டேன்!”

“கோர்ட்டுதான் சார் பூட்டச் சொல்லிச்சு. போன உள்ளாட்சித் தேர்தல் ஓட்டுப் பெட்டிங்க உள்ள இருக்கு. கேஸ் முடியற வரைக்கும் தொறக்கக் கூடாதாம். கேஸ் போட்டவரோ அஞ்சு வருஷமா வாய்தா மேல வாய்தா வாங்குறாரு. அன்னிக்கு ஆறாவதுல சேந்த புள்ளைங்க பத்தாவதே முடிச்சுட்டாங்க.”

“மனுசனா அவன்? பேரைச் சொல்லுங்க!”

“பதினோரு ஓட்டுல தோத்துட்டு, மறுபடி எண்ணணும்னு கேஸ் போட்டது நீங்கதான சார்?”

வக்கீலின் குரல் இறங்கியது. “பெட்டிங்கல்லாம் தாலுகா ஆபீஸ்ல இருக்குன்னுல்ல நெனச்சேன்... உடனே கேஸை முடிச்சிடலாம் டீச்சர்.”

“நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விசாரணை சார்.” ஜெயராணி கையிலிருந்த நோட்டீஸைப் பிரித்துக் காட்டினார். “இதுல அதே பத்து மணிக்கு உங்க ஊர்வலம்னு போட்டிருக்கு. அப்ப நாளைக்கும் வாய்தாதானா?”