நல்ல சேதி என்னுடையது

நெஞ்சு அறுவை சிகிச்சை வார்டில் காலை ஆறு மணிக்கு நர்ஸ் அந்தக் கையடக்க ஸ்கேன் கருவியை விலாவில் வைத்ததுமே, "நெஞ்சுல தண்ணி வத்திருச்சும்மா, இன்னிக்கே டியூப் எடுத்துட்டு வீட்டுக்குப் போகலாம்" என்று கருவியே சொல்லிவிடும். திரையை இப்போதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

ஒன்பது மணிக்கு டாக்டர் மாசிலாமணி வருவதற்குள் கும்பிடெல்லாம் கருவிக்குப் போய்விட்டிருக்கும். இருபது வருடமாக அவர் வாங்கிய கும்பிடு. வயிறு எரிந்தது.

"நல்ல சேதிய நான் சொல்லிக்கிறேன். கெட்டத மட்டும் நீ சொல்லு" என்று கருவிக்கு உத்தரவிட்டார்.

மூன்றே நாளில் நோயாளிகள் கண்டுகொண்டார்கள். அவர் வாயைத் திறக்குமுன், "தெரியும் சார், மிஷின் ஒண்ணும் சொல்லலயே" என்று பையைக் கட்டியிருந்தார்கள். அன்று மாலை ஆத்திரத்தில் கருவியின் குரலையே அணைத்தார். திரும்பப் போட மறந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் நான்காம் கட்டில் அன்னபாக்கியம் தலைவாரிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"மக ஆட்டோவோட கீழ நிக்கிறா சார். மிஷின் பேசவே இல்ல!"

டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. குரலைப் போட்டு, கருவியை அவள் விலாவில் வைத்தார்.

அது பேசியது.