நல்லதாக ஒரு கஷ்டம்

சின்னவளுக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் கை நீட்டக் கூடாது என்று ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளே வேலை பார்த்துச் சேர்த்ததில் முதல் வருஷத்துக்கான பணம் வங்கியில் இருந்தது. மீதி வருஷங்களுக்கு உதவித்தொகை வந்தால்தான் உண்டு.

அப்படி ஓர் உதவித்தொகை இருப்பதாக இணையத்தில் பார்த்து விண்ணப்பித்தாள். மதிப்பெண், கைபேசி எண், பணம் வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கு எண் எல்லாம் மடமடவென்று நிரப்பியாயிற்று. 'உங்களைப் பற்றி ஒரு கட்டுரை' என்ற இடத்தில்தான் சிக்கல். ஏதோ எழுதி அனுப்பி வைத்தாள்.

தேர்வுக்குழுத் தலைவரே போன் செய்தார். தேன் தடவிய குரல்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா 'சிறு வயது முதலே ஆர்வம்', 'கடின உழைப்பு'ன்னு எல்லாரும் எழுதறதையே எழுதினா எப்படி? பேர் சொல்லுங்க, இடம் சொல்லுங்க. முதல்ல படிச்ச பள்ளிக்கூடம், அம்மா பிறந்த ஊர், செல்லமா வளர்த்த நாயோ பூனையோ... இதெல்லாம் இருந்தாத்தான் கட்டுரைக்கு உயிர் வரும். திருத்தி அனுப்புங்க, உங்களுக்குத்தான் கிடைக்கும்."

உயிர் கொடுக்க அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் ஆயுள் காப்பீடு விற்கிறவன். எதிரில் இருப்பவர் கண் கலங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான்.

"முதல்ல படிச்ச பள்ளிக்கூடம்?"

"தெரியாத மாதிரி கேக்குறியே. நீச்சல் குளம் இருந்துச்சே, அதுதான்."

"நீச்சல் குளத்துல குதிச்சவளுக்கு எவன் உதவித்தொகை குடுப்பான்? கூரை ஒழுகுற பள்ளிக்கூடமா மாத்து. அம்மா எங்க பிறந்தாங்க?"

"தாத்தாவோட ஆஸ்பத்திரியில."

"நாசமாப் போச்சு. வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போன ஒரு கிராமம்னு எழுது. யாரும் போய்ப் பார்க்க முடியாது. நாய்?"

"அதோ, சோபாவுல தூங்குதே."

"அதை மூணு கால் பூனையாக்கு."

"பாவம்ணா."

"யாரு, பூனையா?"

"ஒண்ணுகூட உண்மை இல்லையேண்ணா. மாட்டிக்கிட்டா போலீஸ் கேஸாகும். கிடைச்ச சீட்டும் போயிடும்."

"உன் வாழ்க்கையில நல்லதா ஒரு கஷ்டம் இருந்திருந்தா நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்? ராஜகுமாரி மாதிரி வளர்ந்துட்டுப் பேச்சைப் பாரு."

பள்ளிக்கூடம், கிராமம், பூனை என்று எல்லாவற்றுக்கும் நம்பும்படியாகப் பெயர் சூட்டினான். எழுதி முடித்ததை அம்மா எடுத்துப் படித்தாள். பாதியிலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யார் பெத்த பொண்ணோ, பாவம்!"

"பாஸாயிடுச்சு, அனுப்பு" என்றான் அண்ணன்.

தலைவர் மறுபடியும் கூப்பிட்டார். அற்புதம் என்றார், அபாரம் என்றார். ஒவ்வொரு பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். சின்னவள் நாக்கு உலர உலரச் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போன் மணி அடித்தால் எண்ணை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள்.

பயந்தது போலவே ஒரு நாள் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. "உதவித்தொகை விஷயமா விசாரிக்கணும், வாங்க."

அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனாள். இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. அவர் மேஜையில் அவளுடைய கட்டுரை. ஓரத்து பெஞ்சில் வழுக்கைத் தலை ஆசாமி ஒருவர் உர்ரென்று உட்கார்ந்திருந்தார்.

"இவர் யாருன்னு தெரியுதா?"

"பார்த்ததில்லையே மேடம்."

"யோவ், பேசுய்யா."

"என்னம்மா, சௌக்கியமா?" என்றார் ஆசாமி. அதே தேன் குரல்.

சின்னவள் அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நேரிலேயே வந்து புகார் கொடுத்துவிட்டாரே மனுஷன்!

"இதுல எழுதியிருக்கறது எல்லாம் உண்மையா?" இன்ஸ்பெக்டர் கட்டுரையைத் தட்டிக் கேட்டார்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். நாளெல்லாம் பேசிப் பிழைக்கிறவன், இன்று மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"பொய் மேடம்" என்று உடைந்தாள். "பள்ளிக்கூடம் பொய், பூனை பொய். அம்மா ஊர்னு எழுதினேனே, அப்படி ஒரு ஊரே கிடையாது. தயவுசெஞ்சு கேஸ் போட்டுடாதீங்க. என் படிப்பே போயிடும்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"உட்காரும்மா. பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு சொன்னா பேங்க்ல என்னென்ன கேள்வி கேப்பாங்க?"

சின்னவள் யோசித்தாள். "முதல்ல படிச்ச பள்ளிக்கூடம்... அம்மா பிறந்த ஊர்... செல்லப் பிராணி..." சொல்லச் சொல்ல அவள் கண்கள் விரிந்தன.

"அதேதான். உதவித்தொகையும் கிடையாது, தேர்வுக்குழுவும் கிடையாது. உண்மையை எழுதின அத்தனை பேர் கணக்கையும் இந்த ஆள் வழிச்சு எடுத்துட்டான். உன் கணக்குல மட்டும் திரும்பத் திரும்பத் தப்பான பதிலா விழுந்ததுல பேங்க் உஷாராகி எங்ககிட்ட சொன்னாங்க, அமுக்கிட்டோம். உன் பணம் பத்திரமா இருக்கு. போய்ப் படி."

அதுவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த தலைவர் பெஞ்சை விட்டுத் துள்ளி எழுந்து, சின்னவளை நோக்கி விரலை நீட்டினார்: "வாய் கூசாம பொய் சொல்லி என்னை மோசம் பண்ணியிருக்கா மேடம், முதல்ல இவ மேல கேஸ் எழுதுங்க!"