ஆற்றில் விட்ட லட்சுமி

அவள் சிலையைப் பார்க்கவில்லை. சிலையைப் பார்த்துக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள்.

ஏதென்ஸில் ஒரு மியூசியம். ஆளுயர வெள்ளைப் பளிங்கு. காதல் தெய்வமாம், கிரேக்கர்கள் கும்பிட்டதாம். சுற்றுலாவுக்குக் கூட்டிவந்தவர் இவ்வளவு சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

சிலைக்கு ஒரு கை இல்லை. இடது மார்பும் உடைந்து, அந்த இடம் தட்டையாக இருந்தது.

அவளுக்கும் இடது பக்கம்தான் எடுத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அவன் ஹாலில் படுக்கிறான். குறட்டை விடுகிறானாம், அவள் தூக்கம் கெடுமாம். கல்யாணமான நாளிலிருந்து விடாத குறட்டையா! அவள் சேலை மாற்றும் நேரம் பார்த்து அவனுக்குப் போன் வந்துவிடும்.

மருந்து, ஸ்கேன், கஞ்சி எல்லாம் அவன்தான் பார்த்தான். ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

இங்கே கண்ணெடுக்காமல் நிற்கிறான்.

சுற்றி நின்றவர்களும் அப்படித்தான். ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவளுக்கு அந்தக் கல்லின் மேல் பொறாமையாக இருந்தது.

வெளியே வரும் வழியில் ஒரு கடை. அதே சிலை, கையடக்கமாக. உடைசலையும் விடாமல் செய்திருந்தார்கள். அவள் ஒன்றை எடுத்துக் கல்லாவில் வைத்தாள்.

"அதெதுக்கு? பின்னமானத ஊட்டுல வெக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. போன தையில் பூஜையறை லட்சுமிக்கு விரல் ஒடிந்தபோதும் இதையேதான் சொன்னான். மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துப்போய் பவானி ஆற்றில் விட்டான். திரும்பிப் பார்க்காமல் வந்தான்.

அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அப்ப என்னைய எந்த ஆத்துல உடப் போறீங்க?"

சத்தமாகக் கேட்கவில்லை. விலை விசாரிப்பது போலத்தான் கேட்டாள்.

கடைப்பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. பொம்மையைச் சுற்றக் காகிதத்தை விரித்தாள்.

அவன் குறுக்கே கை நீட்டிப் பொம்மையை எடுத்தான். அலமாரியில் திருப்பி வைத்துவிடுவான் என்று அவள் நினைத்தாள்.

அவனுடைய பெருவிரல் அந்தத் தட்டையான இடத்தில் போய் நின்றது.

கடைப்பெண் கையை நீட்டினாள்.

அவன் கொடுக்கவில்லை.